வானம் பார்த்த பூமியும் பண்டைப் பாண்டியர் நாகரிகமும்

பண்டை நாகரிகம் என்றவுடன் நம் மாணவர் மனம் நைல் நதிக்கரைக்கோ சிந்து நதிக்கரைக்கோ ஓடுவது இயல்பு. பேராறு பாயும் இடத்திலேயே பெருநாகரிகம் தோன்றும் என்று பாட நூல்களிற் படித்த பழக்கமே அதற்குக் காரணம். ஆயின், ஆண்டில் பெரும்பகுதி மணலே ஓடும் குண்டாற்றங்கரையிலும், கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் கரிசற் காட்டிலும், அரசும் சமூகமும் சமயமும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு நாகரிகம் ஓங்கி நின்றது என்பதைப் பலர் அறியார். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கங்களில் உள்ள கற்களே அதற்குச் சான்று. அவற்றை முறையாக வாசிக்கும் வகையை நாம் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

1. நிலமும் நீரும்

இந்நாட்டிற்கு உயிர் தருவது ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகீழ்ப் பருவக் காற்றின் மழையேயாம். அம்மழை சில நாட்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்கள் வெயிலுக்கே உரியவை. ஆதலின் பெய்த நீரைத் தேக்கி வைத்தாலன்றி ஈண்டு நெல் விளைதல் இல்லை. கரை எடுத்துக் கண்மாய் அமைப்பதும், ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லுமாறு ஒன்றன்கீழ் ஒன்றாக அவற்றைத் தொடுப்பதும் இந்நிலத்து முன்னோர் கண்ட உபாயங்கள்.

திருச்சுழித் தலபுராணம் கூறும் கதை இவ்விடத்து நினைக்கத்தக்கது. பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, வெள்ளம் சுழித்து அத்துளையுள் இறங்கிற்று என்றும், அதனால் ஊர் சுழியல் எனப் பெயர் பெற்றது என்றும் கூறுவர். நீருக்கு ஏங்கும் நாட்டில் வெள்ளத்தைப் பற்றிய கதை வழங்குவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கண்மாய்க் கரையைக் கட்டி வாழும் மக்களுக்கு வறட்சி ஓர் அச்சம், உடைப்பு மற்றோர் அச்சம். இரண்டையும் அறிந்தவர்களுக்கே இக்கதையின் பொருள் முற்றும் விளங்கும்.

2. அரசு

பாண்டிய நாடு பல சிறு நாடுகளாக வகுக்கப்பட்டிருந்தது. திருச்சுழியல் பருத்திக்குடி நாட்டைச் சேர்ந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் செங்காட்டிருக்கை என்னும் பிரிவில் அடங்கியது. பருத்தி என்றும் செங்காடு என்றும் வரும் பெயர்களிலேயே இந்நிலத்தின் விளைவும் நிறமும் ஒலிக்கின்றன அல்லவா? நாட்டின் காரியங்களை நாட்டாரும், வேளாண் ஊர்களின் காரியங்களை ஊராரும், பிரமதேயங்களின் காரியங்களைச் சபையாரும் நடத்தினர். மன்னன் மதுரையில் இருந்தான். மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஊரில் இருந்தவர் செயலாயிற்று.

இதனை விளக்க இரு சான்றுகள் போதும். முதலாவது, சாத்தூர்ப் பக்கத்து எருக்கங்குடிக் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இருப்பைக்குடிக் கிழவன் எட்டி சாத்தன் என்பான் பல ஏரிகளையும் கோயில்களையும் அமைத்த செய்தியை அது கூறுகின்றது. ஏரி கண்டவனே கோயிலும் கண்டான் என்பதைக் குறித்துக்கொள்க. இரண்டாவது, திருநெல்வேலிச் சீமையிலுள்ள மானூர்க் கல்வெட்டு. ஏறத்தாழக் கி. பி. 800-இல், மாறஞ்சடையனுடைய 35-ஆம் ஆட்சியாண்டில், அவ்வூர்ச் சபையார் கூடித் தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொண்டனர். நிலத்திற் பங்கும் கல்வியும் நல்லொழுக்கமும் உடையவரே சபையில் அமரலாம் என்பது ஒரு விதி. எக்காரியம் வந்தாலும் எதிர்த்துரைத்துத் தடை செய்வோர் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டும் என்பது மற்றொரு விதி. ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரே கூட்டங்களில் காரியத்தைக் கெடுப்போர் இருந்தனர் என்பதும், அவரை அடக்க விதி வேண்டியிருந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

ஆயினும் இதனைக் கொண்டு அக்காலத்தில் குடியரசு நிலவியது என்று நாம் பெருமை பேசிவிடலாகாது. அச்சபை பிரமதேயத்துச் சபை. அங்கும் நிலப்பங்கு இல்லாதவனுக்கு இடமில்லை. உள்ளதை உள்ளபடி கொள்வதே சரித்திர மாணவனுக்கு அழகு.

3. சமூகம்

திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவன் பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆண்டவன். கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்கு ஆடுகளைத் தானமாக விட்ட செய்தி அக்கற்களிற் காணப்படும். இத்தகைய ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கினர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று மாணவர் நகைக்கக் கூடும். மூத்தவை கழிந்தாலும் குட்டிகள் வளர்ந்து தொகை குறையாது நிற்கவேண்டும் என்பதே அச்சொற்றொடரின் கருத்து. முதலை அழியாமல் வைத்து வட்டியைக் கொண்டு அறம் நடத்தும் இக்காலத்து முறையை அவர்கள் ஆட்டு மந்தையைக் கொண்டு நடத்தினர் எனலாம்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். பாண்டி நாட்டு வழக்கில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 50 ஆடு. நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு. நான்கு உழக்குக் கொண்டது ஒரு நாழி. ஆகவே ஓராண்டிற்கு 365 உழக்கு, அதாவது 91 நாழியும் ஓர் உழக்கும் ஆகும். ஆடொன்றுக்கு ஆண்டில் ஏழு உழக்கிற்குச் சற்று மிகுதியான நெய் வந்தாற் போதும். எஞ்சிய பாலும், குட்டியும், உரமும் ஆட்டைக் காத்தவனுக்கு ஊதியமாயின. மழை பொய்த்த ஆண்டில் நெல் விளையாது. ஆனால் காய்ந்த காட்டிலும் ஆடு மேயும். நிலத்தின் இயல்பறிந்தே இவ்வறம் வகுக்கப்பட்டது என்பது இக்கணக்கால் விளங்குகின்றது.

ஆனால் கல்லில் எவர் பெயர் நிற்கின்றது என்பதையும் கேட்டல் வேண்டும். ஆட்டை விட்டவன் பெயர் நிற்கின்றது. ஆண்ட மன்னன் பெயர் நிற்கின்றது. நெய்யளக்கப் பொறுப்பேற்ற இடையன் பெயரும் சிற்சில கற்களில் நிற்கின்றது. கண்மாய்க்கு மண் சுமந்த பெண்டிர் பெயர் எங்கும் இல்லை. மடையில் மூழ்கி அடைப்பைத் திறந்தவன் பெயரும் இல்லை. சோழ நாட்டில், தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிலே தீண்டாச்சேரி என்னும் சொல் வருதலால், ஒதுக்கி வைக்கும் வழக்கம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியிருந்தமை தெளிவு. கல்வெட்டு கொடுத்தவர் எழுதுவித்த பத்திரம், உழைத்தவர் எழுதுவித்ததன்று. இதனை மறவாமல் வாசிப்பதே வாசிப்பாகும்.

4. சமயம்

திருச்சுழியல் சுந்தரமூர்த்தி நாயனாரால் பாடப்பெற்ற தலம். பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று. எனவே இப்பக்கம் சைவத்திற்கு மட்டுமே உரியது என்று எண்ணுதல் கூடும். அது பொருந்தாது. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் முதற் குலோத்துங்க சோழனுடைய 48-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1118-இல், பொறித்த கல்வெட்டு சமண சமயத்தைச் சார்ந்தது. முக்குடைக்கீழ் அமர்ந்த அருகக் கடவுளுக்குச் செங்காட்டிருக்கையைச் சேர்ந்த கும்பனூரிற் கோயில் இருந்தமை அதனால் அறியப்படும். திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரை வாதில் வென்றார் என்னும் வரலாற்றிற்குச் சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், அம்மதுரைக்குத் தெற்கே அருகன் வழிபடப்பெற்றான்.

இங்கு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. பள்ளி என்னும் சொல் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தைக் குறிக்கும் என்று கற்றவர், பள்ளிமடம் என்னும் பெயரைக் கேட்டவுடன் அதுவும் சமணர் இடமே என்று துணிந்துவிடலாம். அவ்வூர்க் கல்வெட்டோ அங்குள்ள கோயிலைப் ‘பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈச்சுரம்’ என்கின்றது. பள்ளிப்படை என்பது இறந்த அரசர்க்காக எழுப்பிய கோயிலாம். ஆகவே ஒரு சொல்லை மட்டும் பற்றிச் சரித்திரம் எழுதுதல் ஆபத்து. கல்லையும் பார்த்தே முடிவு கூறல் வேண்டும்.

பௌத்தத்தை அறியக் கடல் கடந்து ஈழத்தை நோக்குவோம். அநுராதபுரப் பக்கமும் இப்பக்கம் போன்றே வடகீழ்ப் பருவ மழையை நம்பிய வறண்ட நாடு. மகாசேனன் மின்னேரியாக் குளத்தையும், ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியையும் அமைத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு பொலன்னறுவையிற் பெருங்குளம் கண்டான். ஈண்டுத் தேவதானம் இருந்தது போல அங்கே விகாரைகளுக்கு ஊரும் குளமும் உரியனவாயிருந்தன. ஒரு நாட்டில் இலிங்கமும் மற்றொரு நாட்டிற் புத்தர் திருவுருவமும் இருந்தன. இரண்டிற்கும் சோறளித்தது குளத்து நீரே.

இவ்விரு நாடும் ஒன்றையொன்று நடத்திய வகையோ இருமுகம் உடையது. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் ஈழத்தின்மீது படையெடுத்தபோது பொன்னாலாகிய புத்தர் திருவுருவத்தைக் கவர்ந்து சென்றான் என்றும், பின்னர் இரண்டாம் சேனனுடைய படை மதுரையைத் தாக்கி அதனை மீட்டது என்றும் சூளவம்சம் கூறும். எருக்கங்குடியில் ஏரியும் கோயிலும் எழுந்தது எவன் ஆட்சியிலோ, அவனே பிறர் கோயிலைக் கொள்ளையிட்டான். அதற்கு மாறாக, முதலாம் விசயபாகு மறைந்த பின், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புத்தருடைய தந்தத்தைப் பேணும் கோயிலுக்குக் காவலாக நிற்போம் என்று தமிழ் வேளைக்காரப் படையினர் உறுதி செய்துகொடுத்தனர். அவ்வுறுதி தமிழ்க் கல்வெட்டாகவே பொலன்னறுவையில் நிற்கின்றது. கவர்ந்தவரும் தமிழர், காத்தவரும் தமிழர். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவன் சரித்திரக்காரன் ஆகான்.

5. நாம் கொள்ளத்தக்கது

பழமையை ஆராய்வதன் பயன் யாது? திருச்சுழிக்குத் தென்கிழக்கே உள்ள கமுதியில் 1897-இல் நிகழ்ந்ததை நோக்குக. நாடார் குலத்தினர் சிலர் அவ்வூர்க் கோயிலினுட் சென்று வழிபட்டனர். அது குற்றம் என்று வழக்குத் தொடரப்பட்டது. மதுரை நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்க்கு மாறாகவே வழக்கு முடிந்தது. வழக்கின் அடிநிலை யாதெனின், ‘நெடுங்கால வழக்கம் இது’ என்பதே. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒதுக்கப்பட்டோர் புகுந்தனர். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் கோயிற் கதவுகளை இந்துக்கள் யாவர்க்கும் திறந்தது. நீதிமன்றத்தில் வென்ற வழக்கம் நாற்பதாண்டிற்குள் சட்டத்தாலேயே விலக்கப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாதெனின், ‘முன்னோர் செய்தனர்’ என்பது ஒரு செய்தியே, கட்டளை அன்று. முன்னோர் ஏரி வெட்டினர். அவரே சேரியையும் ஒதுக்கினர். சமணர்க்கு இடம் அளித்தனர். விகாரையைக் கொள்ளையும் இட்டனர். இவற்றுள் எதனை மேற்கொள்வது, எதனைக் கைவிடுவது என்பதை முன்னோர் நமக்காகத் தீர்த்து வைக்கவில்லை. அப்பொறுப்பு நம்முடையதே. பழமையை முற்றும் புகழ்வோரும் முற்றும் இகழ்வோரும் அப்பொறுப்பினின்று தப்ப விரும்புவோரேயாவர்.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் ஊர்க் கண்மாயின் கரைமேல் ஒரு முறை நடந்து வாருங்கள். மடைக்கல்லில் எழுத்து உண்டா என்று பாருங்கள். உண்டேல் அதன்மேற் சுண்ணாம்பு பூசாமலும், துணி துவைக்கும் கல்லாக்காமலும் காக்குமாறு ஊராரிடம் சொல்லுங்கள். கரையை உயர்த்தவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் குடிமராமத்தாக யார் யார் உழைத்தனர் என்று முதியோரைக் கேட்டு, அவர் கூறும் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டை விட்டவன் பெயரைக் கல் காத்தது. மண் சுமந்தவர் பெயரை இனியேனும் நம் எழுத்துக் காக்கட்டும்.