அடுப்பு கேஸ்: பழுது பார்ப்பதா, துண்டிப்பதா?



அடுப்படியில் கேஸ் வாடை வருகிறதென்று வீட்டிலிருந்து கடைக்குச் செய்தி வந்தால், நம்மில் பலர் சொல்லும் பதில், "கடையடைத்து வந்து பார்க்கிறேன்" என்பதுதான். இரவு வந்ததும் களைப்பு. மறுநாள் சரக்கு வரும் நாள். அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இப்படியே ஒரு மாதம் ஓடிவிடுகிறது. கடையில் தராசு ஒரு கிராம் தவறினால் அன்றே சரி செய்கிற நாம், குடும்பம் உறங்குகிற வீட்டுக் குழாயை மாதக் கணக்கில் விட்டு வைப்பது என்ன நியாயம்?

பழுது பார்ப்பது ஒரு முடிவு. துண்டித்து விடுவது மற்றொரு முடிவு. வீட்டின் நிலைமைக்கு ஏற்ப இரண்டில் எதுவும் சரியாகலாம். இரண்டையும் செய்யாமல் தள்ளிப் போடுவதுதான் தவறு. இந்த விஷயத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது: வீட்டில் இருப்பது எந்த கேஸ்?

சிங்கப்பூரில் இரண்டு வகை உண்டு. ஒன்று குழாயில் வரும் நகர கேஸ். 1862-ல் காலாங்கில் தொடங்கிய கேஸ் ஆலை 1998 வரை நடந்தது. இன்று அது செனோக்கோவில் தயாராகிறது. அதில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். காற்றைவிட இலேசானதாகையால் கசிந்தால் மேலே எழும். மற்றொன்று சிலிண்டரில் வரும் திரவ கேஸ். இது புரொப்பேன், பியூட்டேன் என்பவை சேர்ந்தது. காற்றைவிடக் கனமானதாகையால் கசிந்தால் தரையோடு பரவி, அலமாரிக்கு அடியிலும் சாக்கடைத் துவாரத்திலும் போய்த் தங்கும். திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. ஆகவே, "கொஞ்சம்தானே கசிகிறது" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

இரண்டாவது: வாடை வந்தவுடன் செய்ய வேண்டியது

வாடை வரும் வேளை, பழுது பார்ப்பதா துண்டிப்பதா என்று யோசிக்கும் வேளையன்று. எரியும் நெருப்பை அணைக்க வேண்டும். குழாய் கேஸ் என்றால் மீட்டருக்கு அருகிலுள்ள வால்வையும், சிலிண்டர் என்றால் அதன் தலையிலுள்ள வால்வையும் மூட வேண்டும். கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். மின்சார சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. காற்றை வெளியேற்றலாம் என்று மின்விசிறியைப் போடுகிறவர்கள் உண்டு. சுவிட்சில் எழும் சிறு பொறியே விபத்துக்குப் போதும். எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, வெளியிலிருந்துதான் தொலைபேசியைத் தொட வேண்டும். வாடை அடங்காவிட்டால் 995 என்ற எண்ணில் குடிமைத் தற்காப்புப் படையை அழைக்கலாம்.

அபாயம் நீங்கிய பின், இலேசான கசிவு எங்கேயென்று அறிய சோப்பு நுரையைப் பொருத்துகளில் தடவினால் போதும். கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது: பழுது பார்ப்பது எப்போது தகும்?

கோளாறு ரப்பர் குழாயிலோ, ரெகுலேட்டரிலோ, அடுப்புக் குமிழிலோ இருந்தால், அது மாற்றக்கூடிய சில்லறைச் சாமான். தினமும் சமைக்கிற வீடாயின் மாற்றிவிட்டுத் தொடர்ந்து உபயோகிப்பதே முறை. ரப்பர் குழாயை இரண்டு ஆண்டுக்கொரு முறை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடும் பழக்கம் நல்லது. வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். முத்திரையில்லாத மலிவுச் சரக்கு எப்படிக் கடைக்கு வருகிறதென்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுவாலையையும் கவனியுங்கள். நீல நிறமாக எரிந்தால் நலம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், கேஸ் முழுமையாக எரியவில்லை என்று பொருள். அப்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டாகும். அதற்கு வாடை கிடையாது. பெரும்பாலும் அடுப்பைச் சுத்தம் செய்து சீர்படுத்தினாலே சரியாகும்.

ஆனால் சுவருக்குள் போகும் குழாயிலோ மீட்டர்ப் பக்கத்திலோ கோளாறு இருந்தால், உரிமம் பெற்ற கேஸ் வேலையாளைத் தவிர எவரும் கை வைக்கக்கூடாது, சட்டமும் அதுவே. "நமக்குத் தெரிந்த பையன், பாதி விலைக்குச் செய்வான்" என்ற பேரத்தை இதில் விட்டுவிடுங்கள்.

நான்காவது: துண்டிப்பது எப்போது தகும்?

இதற்குக் கடைக் கணக்கே போதும். உதாரணமாக, பழுதுக்கு 300 வெள்ளி ஆகும், இன்னும் ஐந்தாண்டு உழைக்கும் என்றால், ஆண்டுக்கு 60 வெள்ளி. தினம் மூன்று வேளை அடுப்பு எரியும் வீட்டுக்கு இது பெரிய செலவன்று. வாரத்தில் ஒரு நாள் தேநீர் போடுவதற்காக மட்டும் என்றால், அது வீண் செலவு; உபயோகிக்காத குழாயில் கேஸ் நிறைந்திருப்பது வீண் அபாயம். பிள்ளைகள் வேறு வீடு போய்விட்டார்கள், சாப்பாடு கடையிலிருந்து வருகிறது, வீடு பல மாதம் பூட்டிக் கிடக்கிறது என்றால் துண்டிப்பதே மேல்.

துண்டித்துவிட்டு மின் அடுப்புக்கு மாறுகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். காந்தத்தால் சூடேறும் இண்டக்ஷன் அடுப்பில் காந்தம் ஒட்டும் தட்டையான பாத்திரம்தான் சூடாகும். நம் வீடுகளின் அலுமினியச் சட்டியும் பித்தளை பிரியாணி அண்டாவும் அதில் பிரயோஜனப்படா. இரண்டாவது மின்சாரம். 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 2,990 வாட்தான் தாங்கும். இரண்டு தட்டுள்ள பெரிய அடுப்பு இதை மிஞ்சக்கூடும். மின் தொழிலாளியைக் கேட்காமல் மாறினால், கேஸ் அபாயம் போய் மின்சார அபாயம் வந்து சேரும்.

ஐந்தாவது: பாதித் துண்டிப்பு துண்டிப்பாகாது

அடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குழாய் வாயில் துணியைச் சுற்றி வைத்திருப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். கணக்கை மூடாமல் வால்வை மட்டும் அடைத்து வைப்பதும் இதே ரகம். குழந்தை ஒன்று விளையாட்டாக வால்வைத் திருப்பினால் என்னவாகும்? துண்டிப்பதென்றால், விநியோகிக்கும் நிறுவனத்திடம் கணக்கை முடித்து, உரிமம் பெற்றவரைக் கொண்டு குழாயின் வாயை முறையாக மூட வேண்டும். சிலிண்டர் என்றால் வெற்றுச் சிலிண்டரையும் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெறுமையானது என்று நாம் நினைப்பதிலும் மிச்ச கேஸ் இருக்கும். சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கு மாறுகிறவர்களும் கவனிக்க: இரண்டுக்கும் அடுப்பின் துவார அளவு வேறு. பழைய அடுப்பை அப்படியே பொருத்தக்கூடாது.

ஆறாவது: யாரைக் கேட்டு முடிவு செய்வது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வயதான உம்மா தனியே இருக்கிறார்கள். அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போகிறார்கள். மகன் கடையிலிருந்து ஆளனுப்பி கேஸைத் துண்டிக்க ஏற்பாடு செய்தார். உம்மா கேட்டது ஒன்றுதான்: "சஹருக்கு நான் யார் வாசலில் போய் நிற்பேன்?" நாற்பது வருஷம் அடுப்பைக் காத்தவர்களுக்கு அதைப் பிடுங்குவது வீட்டின் அதிகாரத்தையே பிடுங்குவது போன்றது. பின்பு மகன் நேரில் வந்து பேசினார். சுவாலை அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் சாதனமுள்ள அடுப்பை வாங்கி வைத்தார். இரவில் வால்வை மூடப் பேத்திக்குப் பழக்கினார். அந்தச் சாதனம் மறதிக்கு முழு மருந்தன்று. எரிகிற அடுப்பில் காய்கிற சட்டியை அது காக்காது. ஆகவே மறதி மிகுந்தால் துண்டிக்கத்தான் வேண்டும். அப்போதும் அவர்களோடு உட்கார்ந்து பேசி, மாற்று அடுப்பு வந்த பிறகே துண்டிக்க வேண்டும்.

வீட்டையோ கடையின் மாடியையோ வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இதுவே பாடம். வாடகைக்காரருடைய பிள்ளைகளின் உயிரும் நம்மிடம் உள்ள அமானத்து. வாடகை வாங்குகிற கையே பழுதுக்கும் காசு எடுக்க வேண்டும்.

மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு குடும்பத்தாரோடு தீப்பற்றியதை அறிந்தபோது, நெருப்பு நமக்குப் பகையென்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டுமென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புத்தி கூறியதாக ஹதீஸ் கிரந்தங்களில் வருகிறது. அன்று விளக்கும் விறகும் இருந்தன. இன்று வால்வு இருக்கிறது. உபதேசம் மாறவில்லை.

ஆகவே சகோதரர்களே, இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும் அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். ரப்பர் குழாய் எந்த ஆண்டு வாங்கியது? மூடும் வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா? அடுப்பு வாரத்தில் எத்தனை நாள் எரிகிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால், செப்பனிடுவதா துண்டிப்பதா என்பது தானே விளங்கும். எந்த முடிவானாலும், அதை இந்த வாரத்துக்குள் நிறைவேற்றிவிடுங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் அண்டை வீட்டாரையும் காத்தருள்வானாக. ஆமீன்.