உருக்கின் இளைப்பும் உருளை அழுத்தமும்

மாணவர்களே, மெல்லிய இரும்புக் கம்பியொன்றைக் கைகளால் இழுத்துப் பாருங்கள், அறாது. அதையே ஓரிடத்தில் முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் முறிந்துவிடும். ஒரு தடவை தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்பத் தாக்கும்போது உலோகத்தில் வெடிப்புத் தோன்றி வளர்வதை இளைப்பு என்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியரான ஓகஸ்ட் வோலர் புகையிரத அச்சுகளைச் சோதித்து இதனை ஆராய்ந்தார்.

எஞ்சினில் இது எவ்வளவு தடவை நிகழும்? நாலடிப்பு எஞ்சினில் இரு சுற்றுக்கு ஒரு வலு அடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுற்று எனில், ஒரு சிலிண்டரில் மணித்தியாலத்துக்கு 90,000 அடிப்புகள்! அத்தனையும் கிராங் சாப்ற்றையே வளைக்கப் பார்க்கின்றன. அதன் உருளைப் பகுதியும் பக்கத் தகடும் சேரும் மூலையில் தகைப்பு குவிகிறது. வெடிப்பு பெரும்பாலும் அங்கே, மேற்பரப்பிலேதான் தொடங்கும்.

ஆகவே அம்மூலையை வளைவாகக் கடைந்து, சாப்ற்றைச் சுழலவிட்டு, வன்மையான சிறு உருளைகளால் பலமாக அழுத்துவர். சூடாக்குவதில்லை. மேற்படை நிரந்தரமாக நசிந்து பக்கவாட்டில் விரிய முயலும். உள்ளேயுள்ள உருக்கு அதை விரியவிடாது. இதனால் மேற்படை நெருக்கப்பட்ட நிலையிலேயே தங்கிவிடும். இதுவே எஞ்சிய நெருக்கல் தகைப்பு.

இங்கேதான் பலர் புள்ளியை இழக்கிறார்கள். "மேற்பரப்பு வன்மையாவதால் முறியாது" என்பது அரைவாசி விடைதான். வெடிப்பைத் திறப்பது இழுவை. சுமையால் 300 அலகு இழுவை வருகிறது, ஏற்கெனவே 200 அலகு நெருக்கல் இருக்கிறது எனக் கொள்வோம். மேற்பரப்பு உணர்வது 100 அலகு இழுவையை மட்டுமே. சிறு வெடிப்பு இருந்தாலும் அதன் வாய் எளிதில் திறவாது.

"அப்படியானால் உள்ளே இழுவை கூடுமே, சேர்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. சமநிலைக்காக உள்ளே சிறிது இழுவை உண்டாவது உண்மைதான். ஆனால் வளைவின்போது தகைப்பு மேற்பரப்பிலே உச்சம், உள்ளே போகப்போகக் குறைவு. எனவே அங்கே அது பெரிதாகப் பாதிக்காது.

தேய்ந்த சாப்ற்றைக் கிரைண்ட் செய்யும்போது மூலையையும் வெட்டிவிட்டால் நெருக்கப்பட்ட படையும் போய்விடும். பார்வைக்குப் புதிதுபோல் மினுங்கும். இளைப்பைத் தாங்கும் வலிமையோ குறைந்திருக்கும்.

மாதிரி வினா: உருளையால் அழுத்திய சாப்ற்றைக் கடுமையாகச் சூடாக்கினால் அதன் இளைப்பு எதிர்ப்பு ஏன் குறைகிறது? (விடையில் "எஞ்சிய தகைப்பு தளர்தல்" கட்டாயம் வரவேண்டும்.)