வெளியூரில் நல்ல சாப்பாடு: கிளம்பும் முன்பே தேடி வையுங்கள்

புதுக்கோட்டையில் பசித்தால் நாம் எதையும் தேட வேண்டியதில்லை. எந்தக் கடையில் முட்டை மாஸ் நன்றாக இருக்கும், எந்த மெஸ்ஸில் 2 மணிக்குள் ரசம் தீர்ந்துவிடும் என்பதெல்லாம் அத்துப்படி. சென்னையில் இறங்கியதும் இந்த அறிவெல்லாம் செல்லாக்காசாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு அம்மாவைப் பரிசோதனைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து வெளியே வரும்போது மணி 9.30. மொபைலில் 'ஹோட்டல்' என்று தேடினேன். ரூம் வாடகையுடன் லாட்ஜ்களாக வந்து நின்றன. பிறகு 4.8 நட்சத்திரம் வாங்கிய ஓர் உணவகத்தைப் பார்த்து ஆட்டோவில் போனால், பூட்டியிருந்தது. 11.30க்குத்தான் திறப்பார்களாம். அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து டீக்கடையில் சர்க்கரை போட்ட பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். மருத்துவமனையின் பின்வாசல் அருகிலேயே நல்ல இட்லிக் கடை இருந்தது மறுநாள்தான் தெரிந்தது.

கூகுள் மேப்ஸில் எல்லாத் தகவலும் இருந்தது. பசியோடு, அவசரத்தில் தேடியதுதான் என் தவறு. வீட்டுக் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் செலவிட்டால் போதும். செய்முறையைப் பார்ப்போம்.

1. முதலில் சொந்த ஊரில் பழகுங்கள்

கூகுள் மேப்ஸைத் திறந்து, உங்களுக்கு நன்கு தெரிந்த புதுக்கோட்டைக் கடைகளைத் தேடுங்கள். நீங்கள் விரும்பிச் சாப்பிடும் கடைக்கு எத்தனை நட்சத்திரம்? பிடிக்காத கடைக்கு எத்தனை? உங்கள் நாக்கும் மேப்பும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பது இங்கேயே புரிந்துவிடும். ஏ.சி., பார்க்கிங் வசதிக்காக நட்சத்திரம் தருபவர்களும் உண்டு என்பதைக் கவனிப்பீர்கள்.

2. சரியான சொல்லைத் தேடுங்கள்

போகவேண்டிய இடத்தை முதலில் தேடுங்கள். உதாரணமாக, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இடப்புறம் வரும் தகவல் கட்டத்தில் 'நியர்பை' என்ற பட்டனைக் கிளிக் செய்து, 'வெஜ் ரெஸ்டாரண்ட்', 'மெஸ்', 'டிபன்' என்று தனித்தனியாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். நாம் சாப்பாட்டுக் கடையை ஹோட்டல் என்கிறோம். மேப்புக்கு ஹோட்டல் என்றால் பெரும்பாலும் தங்குமிடம்தான். 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்புடன் வருபவை விளம்பரங்கள். தரம் பார்த்து மேலே வந்தவை அல்ல.

3. நட்சத்திரக் கணக்கு

4,000 பேர் சேர்ந்து 4.2 கொடுத்த கடை ஒன்று. சமையல்காரர் மாறிவிட்டார். அடுத்து வந்த 40 பேரும் வெறும் 1 நட்சத்திரம் தருகிறார்கள். இப்போது சராசரி என்ன? 4.17. மேப்பில் அப்போதும் 4.2 என்றே தெரியும்! எனவே 'ரிவ்யூஸ்' பகுதிக்குச் சென்று, 'சார்ட்' என்பதில் 'நியூவஸ்ட்' தேர்ந்தெடுத்துக் கடைசி 15 கருத்துகளைப் படியுங்கள். 'சூப்பர்', 'வெரி குட்' என்பவற்றைத் தள்ளிவிட்டு, என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் மட்டும் கொடுத்த 5 நட்சத்திரத்தை நம்பி அலைய வேண்டாம்.

4. நேரம், கிளை, தொலைபேசி

மயிலாப்பூர் ராயர் மெஸ் காலையில் சில மணி நேரமும் பிற்பகலில் சில மணி நேரமும்தான் இயங்கும். நடுவில் போனால் ஏமாற்றம்தான். சாம்பார் இட்லிக்குப் பெயர்பெற்ற ரத்னா கபேயின் பழைய கடை திருவல்லிக்கேணியில் இருக்கிறது. வேறு கிளைகளும் உண்டு. எந்தக் கிளையின் கருத்துகளைப் படிக்கிறோம் என்று முகவரியைப் பாருங்கள். விலை அறிய, படங்களில் சமீபத்திய மெனு கார்டைத் தேடுங்கள். கடைசியாக, அங்குள்ள எண்ணுக்கு ஒரு போன் செய்து, "காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

5. சேமித்து வையுங்கள்

பிடித்த கடைகளை 'சேவ்' செய்யுங்கள். மொபைலிலும் அதே ஜிமெயில் கணக்கு இருந்தால் அவை அங்கேயும் தெரியும். இறங்குமிடம், வேலை உள்ள இடம், தங்குமிடம் என மூன்றுக்கும் இரண்டிரண்டு கடைகள் போதும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பின், நம் பக்கத்துப் பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. பழைய நினைவில் கோயம்பேட்டில் கடை தேடி வைக்காதீர்கள்.

மொபைலில் உங்கள் புரொபைல் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' மூலம் அந்தப் பகுதியை டவுன்லோட் செய்யுங்கள். நெட் கிடைக்காவிட்டாலும் மேப் திறக்கும். ஆனால் நடந்து செல்லும் வழியை நெட் இல்லாமல் காட்டாது. போன் எண்களையும் முகவரிகளையும் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

6. பில்லைப் பாருங்கள்

உணவகப் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். இது 2022 ஜனவரி முதல் கட்டாயம். சேவைக் கட்டணத்தை உங்களைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. டில்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

இந்த மாதம் மறுபரிசோதனைக்கு அம்மாவுடன் மீண்டும் சென்றேன். ரத்தம் கொடுத்த பத்தாவது நிமிடம் இட்லி வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கடைக்கு நான்கு வரி கருத்து எழுதினேன்: என்ன சாப்பிட்டோம், என்ன விலை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள். நீங்களும் எழுதுங்கள். நாளை இன்னொருவர் தன் அம்மாவுடன் அங்கே நிற்பார்.