கட்டுச்சோறும் கொடுமுடியும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அதன் முகடுகளின் வழியே, நடப்போர்க்கென்றே ஒரு நெடும்பாதை அமைந்துள்ளது. 1921ஆம் ஆண்டில் பெண்டன் மக்காய் என்பார் அதற்கான திட்டத்தை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். 1937இல் பாதை முழுமை பெற்றது. இன்று அது தெற்கே ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகின்றது. நீளம் ஏறத்தாழ 2,200 மைல். மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்பெற்ற வெண்ணிறக் கோடுகளே வழிகாட்டிகள். முழுத் தொலைவையும் ஒரே பயணமாக நடந்து முடிக்கப் பெரும்பாலோர்க்கு ஐந்து, ஆறு திங்கள் ஆகும்.

ஆறு திங்களுக்கு வேண்டிய உணவை எவராலும் முதுகில் சுமக்க இயலாது. உலர்ந்த உணவேயாயினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு இராத்தல் வேண்டும். ஆதலால் சில நாள்களுக்கு ஒருமுறை மலையைவிட்டு இறங்கி, அடிவாரத்து ஊரில் கட்டுச்சோற்றை நிரப்பிக்கொள்வர். இங்கேதான் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஊர்கள் பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அமைந்தவை. ஆகவே, பொதி நிரம்பிக் கனக்கும் இடமே ஏற்றம் தொடங்கும் இடமாகவும் அமைந்துவிடுகின்றது. உண்ண உண்ணப் பொதி இலேசாகி, தோள்கள் சற்றே இளைப்பாறும் வேளையில் அடுத்த ஊர் வந்துவிடும்!

மாசசூசெட்சு மாநிலத்தில் உள்ள செஷயர் என்னும் சிற்றூர் இதற்கு நல்ல சான்றாகும். தெற்கிலிருந்து வருபவர் 1,500 மைலுக்கு மேல் நடந்த பிறகே அவ்வூரை அணுகுவார். ஊருக்கு மேலுள்ள பாறை முகப்பில் நின்று நோக்கினால், கீழே ஹூசிக் ஆற்றுப் பள்ளத்தாக்கும், அப்பால் கிரேலாக் மலையும் ஒருங்கே தோன்றும். 3,491 அடி உயரமுள்ள அம்மலையே அம்மாநிலத்தில் மிக உயர்ந்தது. ஊருக்கு இறங்கி உணவு கொள்ளுதல், பின்பு அம்மலையின்மீது ஏறுதல் என, அன்றைய வேலை முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும்.

ஊரை அடைந்தவர்களுள் பலர் முதலில் தேடுவது அஞ்சல் நிலையத்தையே. உணவுப் பொருள்களைப் பெட்டிகளில் கட்டி, வழியிலுள்ள அஞ்சல் நிலையங்களுக்குத் தம் பெயரிட்டு அனுப்புமாறு வீட்டாரிடம் முன்பே ஏற்பாடு செய்திருப்பர். உரியவர் வந்து கேட்கும்போது நிலையத்தார் அதனை எடுத்துக் கொடுப்பர். ஆனால், சனிக்கிழமை பிற்பகலில் வந்து சேர்பவர் நிலை இரங்கத்தக்கது. பூட்டிய கதவைக் கண்டு, திங்கட்கிழமைவரை அவர் காத்திருக்க நேரும். ஆயிரம் மைல் நடந்த கால்களை அரைமணி நேரத் தாமதம் கட்டிப்போட்டுவிடும்.

பெட்டியைப் பிரித்த பின்னர்தான் உண்மையான சோதனை. எதைக் கொள்வது, எதை விடுவது? கடந்த வாரத்துப் பசியை எண்ணி அஞ்சுபவர், கையில் அகப்பட்டவை அனைத்தையும் பொதியில் திணிப்பார். வரைபடத்தை நோக்குபவரோ, கொடுமுடிக்கு அப்பால் ஏறத்தாழ ஆறு மைல் இறங்கினால் நார்த் ஆடம்ஸ் என்னும் ஊர் இருப்பதை அறிந்து, இரண்டு நாள் உணவோடு எழுந்துவிடுவார். பெரும் பொதிகளில் ஒரு பங்கு அச்சத்தின் பாரமே. எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியார் 1955ஆம் ஆண்டில், தம் 67ஆம் வயதில், இப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவரிடம் கூடாரம் இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்றே தோளில் தொங்கியது.

பெருஞ்சுமை என்பது செஷயர் மக்களுக்குப் புதிதன்று. 1801ஆம் ஆண்டில் அவர்கள் 1,235 இராத்தல் எடையுள்ள பாற்கட்டி ஒன்றைச் செய்து, குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்குப் பரிசாக வாஷிங்டன் நகர்வரை கொண்டு சேர்த்தனர்! பாற்கட்டியை அழுத்திய பொறியின் வடிவில் அவ்வூரில் ஒரு நினைவுச் சின்னம் உள்ளது.

ஊரிலிருந்து கொடுமுடி ஏறத்தாழ 8 மைல். ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 2,500 அடி. வயல்வெளிகளைக் கடந்ததும் காடு சூழ்ந்துகொள்ளும். வார்கள் தோளில் அழுந்தும். வியர்வை கண்ணை மறைக்கும். சாடில் பால் என்னும் முகட்டை நெருங்குகையில் அகன்ற இலை மரங்கள் அருகி, ஊசியிலை மரங்கள் மிகும், காற்றும் குளிரும். கோடைப் பிற்பகல்களில் இடியுடன் மழை வருவதுண்டு. ஆகையால் ஊரில் வீணாக்கிய ஒவ்வொரு நாழிகைக்கும் முகட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். உச்சியில், போரில் உயிர்நீத்தோர் நினைவாக 1933ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 93 அடி உயரக் கற்கோபுரம் நிற்கின்றது. மோட்டார் சாலையும் அங்கு வருகின்றது. அச்சாலை வழியே வந்து இறங்கியவர்கள், நடந்து வந்தவரின் பொதியை வியப்புடன் நோக்குவர்.

இப்பாதை தோன்றுவதற்கு முன்பே, உணவு வாங்கிய அன்றே இம்மலையில் ஏறியவர் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. 1844ஆம் ஆண்டில் அவர் மறுபுறத்து நார்த் ஆடம்ஸில் சிறிது அரிசியும் சர்க்கரையும் ஒரு தகரக் குவளையும் வாங்கிப் பையிலிட்டு, பிற்பகலில் ஏறத் தொடங்கினார். உணவு இருந்தது, உச்சியில் நீர் இல்லை. வந்த வழியில் குதிரைக் குளம்புகள் பதிந்த குழிகளில் தேங்கியிருந்த நீரைக் குப்புறப் படுத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சிக் குடித்தார். பின்பு ஈரமான ஓரிடத்தைக் கூரிய கற்களாலும் கைகளாலும் தோண்டி நீர் கண்டார். சோறு சமைத்து உண்டார். போர்வை இன்மையால் பலகைகளைத் தம்மீது அடுக்கிக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் எழுந்து நோக்கியபோது, அவர் நின்ற இடத்தின் அடிவரை மூடுபனி நிறைந்திருந்தது. உலகம் முழுவதும் மறைந்து, மேகக் கடல் ஒன்றே எத்திசையிலும் பரந்து கிடந்தது.