யார் செய்த பாவம்?

இந்த மாத வேதபாடத்திற்கு யோவான் 9-ஆம் அதிகாரம் முழுவதையும் வாசித்துக்கொள்ளுங்கள். கூடவே யோபு 2-ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களையும், 2 கொரிந்தியர் 1-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களையும் வாசியுங்கள். வேதபுத்தகத்தைத் திறந்து பக்கத்திலே வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

பாடத்துக்குள் போகுமுன் என் குற்றம் ஒன்றை அறிக்கை செய்துவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்த நம் சகோதரர் ஒருவருக்கு பிரஸ் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. நைட் ஷிப்ட். மூன்று விரல் போய்விட்டது. செய்தி கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுட்டு ஓவர்டைம் போனீங்களே, கர்த்தர் ஏதோ பேசுறாரு, கொஞ்சம் உங்களை ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வராண்டாவில் அவர் மனைவிதான் கேட்டார்: "பாஸ்டர், அவர் ஓவர்டைம் போனதே பிள்ளைங்க ஸ்கூல் பீஸுக்குத்தானே. அது பாவமா?" எனக்குப் பதில் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அன்று இரவு யோவான் 9-ஐ வாசித்தபோது என்னை அந்த அதிகாரத்திலே கண்டேன். எந்த இடத்தில் தெரியுமா? சீஷர்களுடைய இடத்தில். பிறவிக் குருடன் ஒருவன் வழியில் உட்கார்ந்திருக்கிறான். சீஷர்கள் அவனிடம் பேசவில்லை. அவனைப் பற்றி ஆண்டவரிடம் பேசுகிறார்கள். யார் பாவம் செய்தது, இவனா, இவனைப் பெற்றவர்களா என்று. அவனுக்குக் கண்தான் இல்லை, காது இருந்தது! இந்தக் கேள்வியை அவன் தன் ஆயுசிலே எத்தனை தரம் கேட்டிருப்பானோ.

ஆண்டவர் என்ன செய்தார்? இரண்டு பேரும் இல்லை என்று கணக்கைத் தள்ளிவிட்டார். தேவனுடைய கிரியை இவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்றார். உடனே குனிந்தார். துப்பி, சேறுண்டாக்கி, அதை அவன் கண்ணில் பூசினார். நாம் 'ஏன் வந்தது' என்று பின்னாலே பார்க்கிறோம். அவர் 'இனி என்ன செய்வது' என்று கையை மண்ணில் வைக்கிறார். 35-ஆம் வசனத்தை விட்டுவிடாதீர்கள். அவனை ஜனங்கள் புறம்பே தள்ளினார்கள் என்று கேள்விப்பட்டு, இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். சுகம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் போய்விடவில்லை.

இங்கே சிலர், "பாஸ்டர், அவனுக்குத்தான் பார்வை கிடைத்ததே, நம்ம சகோதரருக்கு விரல் வளரவில்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தேவன் சுகமாக்குகிறவர். அதை நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன், கண்ணாரக் கண்டும் இருக்கிறேன். ஆனால் வேதத்தைப் பாதி வாசிக்கக் கூடாது. பவுலின் உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது வியாதிகள் நீங்கின, அதே பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோ. 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல் நலமில்லை, வயிற்றுக்கோளாறு. பவுலுடைய மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை; கிருபைதான் கொடுக்கப்பட்டது. இவர்களெல்லாம் விசுவாசமில்லாதவர்களா? சாட்சி நேரத்தில் சுகமானவர்களை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு, சுகமாகாதவர்களைப் பின்வரிசையில் தலைகுனிய வைக்கிற வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று எனக்கே வருத்தமாயிருக்கிறது.

யோபின் சிநேகிதரை நாம் திட்டுவதுண்டு. ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடுகூடத் தரையிலே உட்கார்ந்தார்கள். துக்கம் பெரிது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. 4-ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறந்தான், அதிலிருந்துதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் பேச்சைக் குறித்தே. நான் ஏழு நிமிஷங்கூட உட்காரவில்லை.

இப்போது உங்களை வேலூருக்கு அழைத்துப்போகிறேன். திருவள்ளூரில் ரயில் ஏறி அரக்கோணம் தாண்டினால் காட்பாடி. நம்மில் எத்தனையோ பேர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காகப் போய் இறங்கிய ஸ்டேஷன்தான். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒரு அம்மா இருந்தார். கொச்சிப் பக்கம் பிறந்தவர், வேலூரிலேயே படித்து டாக்டரானவர். 1954-ல், உடன் வேலை செய்தவர்களோடு வேனில் போகும்போது வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. முகத்திலும் காயம். இளம் டாக்டர், வாழ்க்கை இப்போதுதான் தொடங்குகிறது. நம்மில் ஒருவர் அந்தக் கட்டிலண்டை போயிருந்தால் என்ன சொல்லியிருப்போமோ, எனக்குப் பயமாயிருக்கிறது.

அந்த நாட்களில் அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். மிஷனெரிகளுக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நீட்டிக்கொடுத்தவர். இவருக்குப் பிடிபட்ட ஒரு உண்மை உண்டு. குஷ்டத்தில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் ஜனங்கள் நம்பினார்கள். அப்படியல்ல, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதே காரணம் என்று கண்டார். சுடுகிற பாத்திரத்தைப் பிடிப்பார்கள், தெரியாது. ஆணி ஏறும், தெரியாது. தூங்கும்போது எலி கடிக்கும், அதுவும் தெரியாது! அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து வளர்க்கச் சொன்னார்களாம். வலி இல்லாத கை நல்ல கை அல்ல, அழிந்துபோகிற கை.

மேரி வர்கீஸ் அம்மாவுக்கும் அதே நிலைதான், கைக்குப் பதில் இடுப்புக்குக் கீழே. நாமெல்லாம் தூக்கத்திலே புரண்டு படுக்கிறோம், ஏன்? ஒரே இடம் அழுத்தினால் வலிக்கிறது, நமக்குத் தெரியாமலே திரும்பிக்கொள்கிறோம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த வலி இல்லை. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறொருவர் கை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்து, எலும்பு வரைக்கும் போகும்.

உட்கார்ந்தபடியே கை ஆபரேஷன் செய்யலாமே என்று பிராண்ட் டாக்டர் அந்த அம்மாவுக்கு யோசனை சொன்னார். கற்றுக்கொண்டார். வீல்சேரில் இருந்துகொண்டே குஷ்டரோகிகளின் கைகளைச் சீர்ப்படுத்தினார். கால் உணர்வில்லாத டாக்டர், கை உணர்வில்லாத நோயாளி, இரண்டு பேரும் எதிரெதிரே. அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பின்பு அமெரிக்காவுக்கும் போய், அடிபட்டு முடங்கினவர்களை மறுபடி வாழ்க்கைக்குக் கொண்டுவரும் மறுவாழ்வு மருத்துவத்தைப் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே நோயாளிகள் தங்கும் நிலையம் திறக்கப்பட்டது. படுத்துக் கிடந்தவர்கள் உட்காரவும், வீல்சேர் தள்ளவும், ஒரு தொழில் செய்யவும் அங்கே பழகினார்கள். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986-ல் மரிக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

அந்த விபத்தைத் தேவன் இதற்காகத்தான் அனுப்பினார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அது தெரியாது. தெரிந்ததுபோலப் பேசித்தான் ஒருமுறை கெட்டேன். ஆனால் விபத்து நடந்த பிறகு அவருடைய கரம் அங்கே வேலை செய்ததை யாரும் மறுக்க முடியாது. அது கடந்துவந்ததோ மனுஷருடைய கைகள் வழியாக. ஒருவர் திருப்பிப் படுக்கவைத்தார், ஒருவர் யோசனை சொன்னார், ஒருவர் கற்றுக்கொடுத்தார்.

1 கொரிந்தியர் 12:26-ஐத் திறந்து பாருங்கள். ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவமும் கூடப் பாடுபட வேண்டும் என்பது அதன் கருத்து. அப்படியானால், சிப்காட்டில் ஒருவர் விரல் போனபோது சபைக்கு வலித்ததா? உணர்வற்ற சரீரத்துக்கு என்ன பெயர் என்று இவ்வளவு நேரம் பார்த்தோமே.

வலிக்கிறவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பிரசங்கத்தில் இதெல்லாம் வருமா என்று முகம் சுளிக்காதீர்கள். நல்ல சமாரியன் எண்ணெயும் பணமும் செலவழித்தான், வசனம் சொன்னதாக எழுதவில்லை. விரல் துண்டானால் அதைத் தூக்கி எறியாதீர்கள். சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேலே வையுங்கள். நேராக ஐஸில் போட்டால் கெட்டுவிடும். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1971-லேயே டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்; நம் பக்கத்திலிருந்து தூரமில்லை. அடுத்தது, விபத்தை அன்றைக்கே கம்பெனியில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் வேலைக்காய உதவித்தொகை உண்டு. கான்டிராக்ட் ஆள் என்று சொல்லித் தட்டிக்கழித்தால் சும்மா வராதீர்கள். நம்மில் படித்த வாலிபர்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு கூடப் போக வேண்டும். இதுவும் ஊழியமே.

நம் சகோதரரிடம் பத்து நாள் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை பாஸ்டர்" என்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது. இடது கையால் எழுதப் பழக அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இன்னமும் குளிர்காலத்தில் இல்லாத விரல் வலிக்கிறது என்பார்.

போன மாதம் அவரே எனக்குப் போன் செய்தார். ஒரு ஒரிசா பையன், இருபது வயசு இருக்கும், மெஷினில் கை போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம், பார்க்க யாருமில்லையாம். "நான் தினமும் போய் உட்கார்ந்துட்டு வரேன் பாஸ்டர், பேச்சு புரியல, ஆனா என் கையைப் பார்த்துட்டு என்னை விடமாட்டேங்கிறான்" என்றார். பையனுக்கு இட்லி இறங்கவில்லை, சோறும் பருப்பும் கேட்கிறான். திங்கள், செவ்வாய் கவரைப்பேட்டை ஜெபக்குழு சகோதரிகள் சமைத்து அனுப்புகிறார்கள். புதன்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை.