கிணற்று நீரின் குணமறிதல்: கமக்காரருக்கும் நீரிரசாயனம் பயிலும் மாணவருக்கும்

சின்ன வெங்காயத்தின் தாள் நுனி மஞ்சளித்துக் கருகத் தொடங்கினால், கமக்காரர் முதலிற் செய்வது மருந்து தெளிக்கும் கருவியைத் தோளில் மாட்டுவதேயாம். கருகலுக்குக் காரணம் பங்கசு நோயாயின் அதனாற் பயனுண்டு. ஆயின், கருகல் தோட்டம் முழுவதும் ஒரே சீராய்க் காணப்பட்டு, மாரியில் மறைந்து, ஆவணி புரட்டாதியில் மீண்டும் தோன்றுமாயின், குற்றம் பயிரிலன்று. இறைக்கும் நீரிலே இருத்தல் கூடும். உவர்நீருக்கு எந்தத் தெளிமருந்தும் மருந்தாகாது. மருந்துக்குச் செலவிட்ட பணமும் போய், விளைவும் போகும்.

வீட்டில் இரசாயனம் பயிலும் மகனோ மகளோ இருப்பின், கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையைப் படித்தறியும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்தல் நன்று. பாடசாலையில் மனனம் செய்த குளோரைட்டும் இருகாபனேற்றும் தம் வீட்டுப் பாத்தியில் என்ன செய்கின்றன என்பதை அவர்கள் அப்போது காண்பர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பொழியும் மழைநீர் மண்ணினூடாக இறங்கி, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. கடல்நீரும் அதே கல்லினூடாக உட்புகுந்துள்ளது. நன்னீர் பாரங் குறைந்ததாகையால் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. இதன் கணக்கை ஒல்லாந்தரான பதோன் கைபென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் எழுதி வைத்தனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. இதன் மறுபக்கமே கமக்காரரைப் பாதிப்பது. இறைப்பினால் நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறத்தக்கது. இரண்டு நீரும் கோடு கீறினாற்போற் பிரிந்து நிற்பதில்லை. இடையே கலப்பு நீர் உண்டு. ஆகவே கேடு இன்னும் முன்னதாகவே தோன்றும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே.

துலாவினாற் பட்டை கொண்டு இறைத்த காலத்தில் மனிதர் களைத்தனர். அவர் இளைப்பாறும்போது கிணறும் ஊறியது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. கிணற்றில் நீர் குறைந்ததும் மேலும் ஆழமாகத் தோண்டுதல் பலரது வழக்கம். கடற்கரையை அடுத்த ஊர்களில் இஃது உவரைத் தேடிச் செல்வதற்கு ஒப்பாகும்.

நீரில் உப்பின் அளவை மின்கடத்துதிறனால் அளப்பர். அஃது மீற்றருக்கு இத்தனை தெசிசீமன் என அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும். இங்கு அது அலகு எனச் சுருக்கிச் சொல்லப்படுகின்றது. 1 அலகு காட்டும் நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு உண்டு. இது சிறிதெனத் தோன்றலாம். ஆயின் 1 ஏக்கருக்கு 4 அங்குல ஆழம் இந்நீரைப் பாய்ச்சினால், நிலத்திற் சேரும் உப்பு ஏறக்குறைய 260 கிலோகிராம். பயிர் நீரைக் குடித்து உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டு வைக்கும்.

விளைவு குன்றாதிருக்க நீரின் உப்பு போஞ்சிக்கு 0.7 அலகு, வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, கோவாவுக்கு 1.2, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0, பீற்றூட்டுக்கு 2.7 என்னும் எல்லைக்குள் இருத்தல் வேண்டும். வெங்காயத்துக்கு 2.9 அலகுள்ள நீரைத் தொடர்ந்து இறைத்தால் விளைவு பாதியாகக் குறையும். இவை பிறநாட்டுச் சோதனைகளைக் கொண்டு தொகுக்கப்பட்ட எண்களாதலின், எல்லைக்கல் எனக் கொள்ளாது வழிகாட்டி எனக் கொள்ளுதல் தகும். கிணறு 1.5 அலகு காட்டும்போது வெங்காயத்தை விட்டுத் தக்காளியோ பீற்றூட்டோ நாட்டுவது தோல்வியன்று. கணக்கறிந்த கமம் அதுவே.

மண்ணிற் சேர்ந்த உப்பைக் கூடுதலான நீர் பாய்ச்சிக் கழுவலாம் என நூல்கள் கூறும். குடாநாட்டில் இவ்வேலையை மாரி மழையே செய்து தருகின்றது. ஆனால் மழை உப்பை மாத்திரம் கழுவுவதில்லை. இட்டு மிஞ்சிய யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பற்றி வைத்திருப்பதில்லை. அது நேரே கிணற்றுக்கு இறங்கும். 50 கிலோகிராம் யூரியாப் பையில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதில் மூன்றிலொரு பங்கே நிலத்தடி நீரைச் சேர்ந்தாலும், ஏறக்குறைய 6 இலட்சத்து 80 ஆயிரம் இலீற்றர் நீரைக் குடிநீருக்குரிய எல்லைக்குக் கொண்டுவரப் போதும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அவ்வெல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைச் சேர்க்கும் என்பதை மறத்தலாகாது.

தோட்டக் கிணறே வீட்டுக் கிணறாகவும் உள்ள இடங்களில் இது பயிர் விடயமன்று; உயிர் விடயமாகும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்னும் வைத்தியர், நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரிற் கரைத்த புட்டிப்பால் அருந்திய பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை வெளியிட்டார். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழப்பதே அதற்குக் காரணம். நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். எல்லை மீறிய கிணற்று நீரைக் குழந்தையின் பாலுக்குச் சேர்க்காது, நல்ல கிணற்றிலிருந்து கொணர்தல் வேண்டும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இவ்வச்சம் மிகக் குறைவு.

அறிக்கையைப் படிப்போர் இங்கு ஒரு பொறியில் அகப்படுவதுண்டு. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றின் நிறையை எழுதும். சில அதிலுள்ள நைதரசனின் நிறையை மாத்திரம் எழுதும். முன்னதில் 50 எனவும் பின்னதில் 11.3 எனவும் வருவது ஒன்றே. பின்னதைப் பார்த்து “குறைவு” என மகிழ்ந்தோர் உளர். இன்னொன்று: 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரை 1 ஏக்கருக்கு 4 அங்குலம் பாய்ச்சினால், 10 கிலோகிராம் யூரியாவுக்குச் சமமான நைதரசன் அந்நீருடனேயே வந்து சேரும். அவ்வளவு பசளையைக் குறைத்துக்கொள்ளலாம். எஞ்சியதை ஒரேயடியாக இடாது, பலமுறை பிரித்து இடுதல் வேண்டும்.

நெற்செய்கையாளர் இதனைத் தமக்குரியதன்று என எண்ணலாகாது. வயல் வரம்பைக் கட்டி மழைநீரைத் தேக்குவோர், அயலிலுள்ள தோட்டக்காரரின் கிணற்றையும் நிரப்புகின்றனர். கேணியைத் தூர்த்து வீடு கட்டுவோர் அக்கிணற்றை உவராக்குகின்றனர்.

மேலும் கற்க விரும்பும் மாணவருக்கு நூல்கள் உண்டு. ஆயின் எல்லாம் ஆங்கிலத்திலேயே உள்ளன. முதலிற் படிக்கத்தக்கது உலக உணவு விவசாய நிறுவனத்தின் நீர்ப்பாசன வரிசையில் 29ஆம் வெளியீடு. ஏயர்ஸ், வெஸ்ற்கொற் ஆகிய இருவரும் எழுதிய அது 1976இல் வெளிவந்து 1985இற் திருத்தப்பட்டது. மேற்கூறிய பயிரெல்லைகள் அதிலுள்ளவையே. உவர் மண்ணையும் சோடியத்தின் தீங்கையும் அறிய, றிச்சார்ட்ஸ் பதிப்பித்த அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் 60ஆம் கைந்நூல் (1954) பழையதாயினும் இன்றும் பயன்படும். சுண்ணாம்புக் கல்லுள்ள நிலத்தின் நீரில் கல்சியம் மிகுதியாதலின் சோடியத்தின் தீங்கு ஓரளவு தணியும் என்பதன் காரணம் அதனைப் படித்தால் விளங்கும். ஜோன் ஹெம் 1959இல் வெளியிட்டு 1985இல் மூன்றாம் பதிப்புக் கண்ட இயற்கை நீர் பற்றிய நூல், உயர்தர வகுப்பு முடித்தோர் தாமே படித்து விளங்கத்தக்கது. ஸ்ரும், மோர்கன் ஆகியோரின் நீர்நிலை இரசாயன நூல் (1970) பெருநூல். வெப்பவியக்கவியல் கல்லாதோர் அதனைப் பல்கலைக்கழகம் புகும்வரை ஒத்திவைக்கலாம். முதல் மூன்றும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன.

நூலைத் திறக்குமுன் நீரை எடுத்தல் வேண்டும். சுத்தமான போத்தலை அதே கிணற்று நீரால் மும்முறை அலசி, வாய்வரை நிரப்பி, இறுக மூடுக. கிணற்றின் பெயர், திகதி, நீர்மட்டத்தின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றை ஒட்டுத்தாளில் எழுதுக. நைத்திரேற்று அறிய வேண்டின் குளிர்மையில் வைத்து விரைவில் ஆய்வுகூடத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். இறைப்புத் தொடங்கும்போது ஒரு போத்தலும் முடியும்போது ஒரு போத்தலும் எடுத்தல் மிக நன்று. இரண்டாவதில் உப்புக் கூடியிருப்பின், உவர்நீர் கீழிருந்து ஏறுகின்றது எனக் கொண்டு, இறைக்கும் நேரத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து இடையே கிணற்றை ஊறவிடுக. புரட்டாதியில் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் தையில் ஒருமுறையும் இவ்வாறு எடுத்து, எண்களை ஒரு கொப்பியில் ஆண்டுதோறும் குறித்து வைக்க.