சீனி வருத்தமும் மனச்சோர்வும்



சீனி வருத்தம் என்று நாம் வீட்டிலே சொல்லும் நீரிழிவு நோயை அறியாத குடும்பம் இன்று அரிது. தந்தைக்கோ தாய்க்கோ, மாமாவுக்கோ பெரியம்மாவுக்கோ அது இருக்கிறது. என்ன உண்ணலாம், எதனைத் தவிர்க்க வேண்டும் என்பதை நம்மில் அநேகர் மனப்பாடமாகவே சொல்லுவோம். தேத்தண்ணீரைச் சீனியின்றிக் குடிக்கவும், சோற்றைக் குறைக்கவும், குளிகையை நேரத்துக்கு எடுக்கவும் பழகியிருக்கிறோம். ஆயினும் இந்நோயைப் பற்றிய ஓர் உண்மை நம் இல்லங்களிற் பெரிதும் பேசப்படுவதில்லை. குருதியிலுள்ள சீனிக்கும் மனிதனின் மனநிலைக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதே அவ்வுண்மை. இவ்வாரப் பாடத்தில் அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வீட்டில் நடப்பது என்ன?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தாய்க்கு வயது ஐம்பத்தைந்து. சீனி வருத்தம் வந்து பத்து வருடமாகிறது. இதுவரை ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்த சீனி, சில மாதங்களாக ஏறியபடியே நிற்கிறது. கிளினிக்கிலிருந்து வந்ததும் மகள் கேட்கிறாள்: "அம்மா, ஒளிச்சு என்ன சாப்பிட்டனீங்கள்?" தகப்பனோ, "சொல்வழி கேட்டால்தானே!" என்று சலித்துக்கொள்கிறார். தாய் மறுமொழி சொல்லவில்லை.

அவள் இரவில் உறங்கிப் பல நாளாகிறது. அயல் வீட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் மனமில்லை. குளிகையைக் கையில் எடுக்கும்போது, "இதைப் போட்டென்ன, போடாவிட்டாலென்ன" என்ற எண்ணம் வருகிறது. இவற்றை எவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இத்தாய்க்கு வந்திருப்பது மனச்சோர்வு என்னும் இன்னொரு நோயாக இருக்கலாம். அது கண்டறியப்படாத வரையில், மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டு போவதாற் பயன் குறைவே.

அறிவியல் கூறுவது

இத்தொடர்பை மனிதர் உணர்ந்தது நேற்று இன்றல்ல. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர், நீரிழிவுக்கு நீண்டநாள் துயரமும் ஒரு காரணம் என்று எழுதினார். துயரம் மாத்திரமே இந்நோயை உண்டாக்கிவிடும் என்று இன்றைய வைத்தியம் சொல்லாது. பரம்பரை, உடற்பருமன், உணவு, உழைப்பின்மை என்று பல காரணங்கள் உண்டு. எனினும் அவர் கண்ட தொடர்பு பொய்யன்று.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், அதற்கு முன் நடந்த 42 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தனர். நீரிழிவு உள்ளவர்களிடத்தில் மனச்சோர்வு காணப்படும் வாய்ப்பு, அந்நோய் இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டனர். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வு, மனச்சோர்வு உள்ள நீரிழிவாளரின் குருதியிற் சீனி உயர்ந்திருக்கும் போக்கு உண்டென்று காட்டியது. 2008இல் வெளியான ஆய்வோ, இவ்வழி இரு திசையிலும் செல்வது என்பதை எடுத்துக்காட்டியது. நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. மனச்சோர்வு உள்ளவருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதைவிடவும் கூடுகிறது.

மனம் சீனியை ஏற்றுவது எவ்வாறு?

இது இரண்டு வழிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, உடலின் உள்ளே நிகழ்வது. கவலையும் அச்சமும் நீடிக்கும்போது அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் குருதியில் அதிகமாகச் சேர்கின்றன. ஆபத்து வேளையில் ஓடவும் எதிர்த்து நிற்கவும் வேண்டிய பலத்தைத் தருவதே இவற்றின் வேலை. அதற்காக இவை ஈரலிற் சேமித்து வைக்கப்பட்ட வெல்லத்தைக் குருதிக்குள் விடச்செய்கின்றன. இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகின்றன. சதையி நலமாயுள்ளவனின் உடல் இதனைச் சமாளித்துக்கொள்ளும். நீரிழிவாளரின் உடலாற் சமாளிக்க முடிவதில்லை. ஆகவே, ஒரு கரண்டி சீனிகூட மேலதிகமாக உண்ணாத ஒருவருக்கும் சீனி ஏறக்கூடும்.

இரண்டாவது, அன்றாட நடத்தையில் நிகழ்வது. நீரிழிவைக் கட்டுப்படுத்துவது நோயாளியே நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. உணவை அளந்து உண்ண வேண்டும்; நடக்க வேண்டும்; மருந்தை மறவாமல் எடுக்க வேண்டும்; கால்களைப் பார்த்துப் பேண வேண்டும்; கிளினிக் நாளைத் தவறவிடக்கூடாது. இவை அனைத்துக்கும் ஊக்கம் வேண்டும். மனச்சோர்வு முதலிற் பறித்துக்கொள்வது அந்த ஊக்கத்தைத்தான். மற்றவர்களின் கண்ணுக்கு அது சோம்பல்போலவும் பிடிவாதம்போலவும் தோன்றும்.

சீனி மனத்தை வாட்டுவது எவ்வாறு?

சீனி அதிகரித்திருக்கும்போது தாகமும் களைப்பும் மிகும். இரவிற் பலமுறை சிறுநீர் கழிக்க எழவேண்டி வருவதால் உறக்கம் கெடும். உறக்கமற்ற உடலில் மனம் எவ்வாறு தெளிவாய் இருக்கும்?

சீனி அளவுக்குமேற் குறைவதும் தொல்லையே. ஒரு டெசிலீற்றர் குருதியிற் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம், திடீர்க் கோபம் என்பன தோன்றலாம். இதனைக் குணக்கேடு என்று எண்ணி வாக்குவாதம் செய்யாதீர்கள். இயன்றால் உடனே சீனியை அளந்து பாருங்கள். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தின் பின் மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றோடு நோயின் பாரமும் சேர்கிறது. கண்பார்வை மங்குமோ, சிறுநீரகம் பழுதாகுமோ, காலை இழக்க நேருமோ என்ற பயம் ஒருபுறம். விருந்துக்குப் போனால் எல்லோருடைய கண்ணும் தன் தட்டின்மேலே இருப்பது மறுபுறம். எவ்வளவு முயன்றும் அளவு குறையாதபோது, "நான் தோற்றுப்போனேன்" என்ற எண்ணம் வருகிறது. நோயைச் சுமப்பதால் வரும் இச்சலிப்பு மனச்சோர்வு நோயோடு ஒன்றன்று. ஆனால் அதனையும் வைத்தியர்கள் இன்று கருத்தோடு கவனிக்கின்றனர். ஆறுதலான பேச்சும், சிகிச்சை முறையை இலகுவாக்குவதும் பலருக்கு உதவுகின்றன.

இதற்காக, சீனி கூடிய ஒவ்வொருவருக்கும் மனச்சோர்வு உண்டென்று முடிவுகட்டிவிடலாகாது. தொடர்பு உண்டு என்பதை மறவாதிருந்தாற் போதும்.

கண்டறிய இரண்டு கேள்விகள்

உலகின் பல நாடுகளில் வைத்தியர்களும் தாதிமாரும் இரண்டு எளிய கேள்விகளைக் கேட்கின்றனர்.

1. கடந்த இரண்டு கிழமைகளில், எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாத நிலை அடிக்கடி இருந்ததா?

2. அதே காலத்தில், மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்த நிலை அடிக்கடி இருந்ததா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் "ஆம், பல நாள்" என்பது மறுமொழியானால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உறக்கமின்மை அல்லது மிதமிஞ்சிய உறக்கம், பசி குறைதல் அல்லது கூடுதல், மனத்தை ஒருமுகப்படுத்த இயலாமை, தன்னைத்தானே பழித்துக்கொள்ளுதல் ஆகியவையும் அடையாளங்களே.

நோயின் பெயரை நாமே வைத்துவிடவும் கூடாது. தைரொயிட் சுரப்பியின் குறைபாடும் களைப்பையும் சோர்வையும் தரும். நீரிழிவுக்குப் பெரிதும் வழங்கப்படும் மெற்போமின் குளிகையை நெடுங்காலம் எடுப்பவர்களிற் சிலருக்கு விற்றமின் பி12 குறைந்துவிடுவதுண்டு. அதனாலும் சோர்வு வரலாம். அதற்காகக் குளிகையை நிறுத்திவிடாதீர்கள். குருதிப் பரிசோதனையால் இவற்றைக் கண்டறிந்து திருத்தலாம்.

சிகிச்சை உண்டு

மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். பயிற்சி பெற்றவர்கள் பேச்சின் மூலம் அளிக்கும் சிகிச்சையும், மருந்தும், நாளாந்த நடையும் பயன் தருகின்றன. கிழமைக்கு 150 நிமிட நடை, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், சீனிக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வுக்கான மருந்துகளிற் சில சீனியையும் உடல் நிறையையும் கூட்டக்கூடும். வேறு சில சீனியைக் குறைக்கக்கூடும். ஆகையால் அயலவர் எடுக்கும் குளிகையை வாங்கி எடுப்பது ஆபத்து. நமக்கு நீரிழிவு உண்டென்பதை மருந்து தரும் வைத்தியருக்குச் சொல்வதும் அவசியம்.

மனச்சோர்வு நீங்கினாற் சீனியும் தானாகவே இறங்கிவிடும் என்று எண்ணுவது சரியா? எப்போதும் அப்படி நடப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும்போதே நற்பலன் கிடைக்கிறது. 2010இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்குச் சான்று. மனச்சோர்வுடன், கட்டுப்படாத நீரிழிவோ இதய நோயோ இருந்த 214 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. மறு பகுதியினரை, வைத்தியர்களின் வழிகாட்டலுடன், தாதியர் தொடர்ந்து சந்தித்து உடலையும் மனத்தையும் ஒருங்கே கவனித்தனர். ஓராண்டின் பின் இவர்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. சீனியும் நன்கு கட்டுப்பட்டிருந்தது.

சீனியை மதிப்பிட எச்.பி.ஏ.வன்.சி என்னும் பரிசோதனை உதவும். இது ஒரு நாளின் அளவைக் காட்டாது. முந்திய இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும். அநேகருக்கு அது 7 வீதமளவில் இருப்பது நன்று என்பர். முதியோருக்கும் வேறு நோயுள்ளோருக்கும் வைத்தியர் சற்றுத் தளர்த்துவார். ஆகவே ஒரு நாள் அளவு கூடிவிட்டதென்று வீட்டில் விசாரணை நடத்த வேண்டியதில்லை.

குடும்பத்தின் கடமை

கிளினிக்கில் வைத்தியர் நோயாளியைச் சில நிமிடங்களே காண்கிறார். நாள் முழுவதும் காண்பவர்கள் வீட்டார். ஆதலால் நாம் செய்யக்கூடியவை பல.

சீனி கூடிய நாளில் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதற்கு முன், "இரவு நித்திரை வந்ததா? மனம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நோயாளிக்கென்று வேறு பானை வைத்து அவரைத் தனிமைப்படுத்தாமல், சிவப்பரிசிச் சோறு, மரக்கறி, கீரை, மீன் என்று முழுக் குடும்பத்துக்கும் ஏற்ற உணவைச் சமையுங்கள். "நடவுங்கள்" என்று ஏவுவதைவிட, மாலையிற் கூடவே நடந்து செல்லுங்கள். கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள். அவர் சொல்லத் தயங்குவதை அவருடைய சம்மதத்தோடு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பக்தியுள்ள குடும்பங்களில் இன்னொரு தவறும் நேர்கிறது. "உங்களுக்கு விசுவாசம் போதாது, இன்னும் செபியுங்கள்" என்று சிலர் சோர்ந்தவரைக் கண்டிப்பர். காய்ச்சல்காரனை நாம் அப்படிக் கண்டிப்பதில்லை. செபம் ஆறுதல் தரும். ஆனால் மனச்சோர்வு பாவமுமன்று, விசுவாசக் குறைவுமன்று. அவ்வாறே தபசு காலத்தில், இன்சுலினோ குளிகையோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருக்கலாகாது. நோயாளருக்கு இக்கடமையிலிருந்து விலக்கு உண்டு.

"இனி வாழ்ந்தென்ன" என்று ஒருவர் சொன்னால் அதனை வெறும் பேச்சாக விட்டுவிடாதீர்கள். சாகும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேரே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறக்காது. இன்சுலினையும் குளிகைகளையும் வீட்டிலொருவர் பொறுப்பேற்று, உரிய நேரத்தில் அளவோடு கொடுக்கட்டும். அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் நாட்டில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

சீனி வருத்தம் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் நோய். அதனைச் சுமப்பவர் நம் வீட்டில் கண்டிப்பையல்ல, துணையைக் காணட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் நீரிழிவுள்ளவரிடம் அவருடைய மனநிலையைப் பற்றிக் கடைசியாக எப்போது கேட்டோம்?

2. அவருடைய உணவைப் பற்றி நாம் பேசும் பேச்சில் அக்கறை மிகுந்திருக்கிறதா, குற்றச்சாட்டு மிகுந்திருக்கிறதா?

3. அடுத்த கிளினிக் நாளில் அவருடன் போகக்கூடியவர் நம்மில் யார்?